தொட்டியில் வளர்ந்தது

டீ நன்றாக இருக்கிறது ஐயா. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் டீ இப்படி வருவது அபூர்வம். ஒரகடத்தில் எந்தக் கடையில் குடித்தாலும் நாக்கின் ஓரத்தில் ஒரு சுண்ணாம்பு ருசி நிற்கும். நீங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் பெயர் தணிகாசலம். சொந்த ஊர் வல்லக்கோட்டை. பிரேக் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரப்பிரிவில் சூப்பர்வைசர். ஒரு பொருளைக் கையில் வாங்கினால் தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் என் வேலை. பேச்சிராஜ் இறந்ததைப் பற்றி நீங்கள் என்னிடம் ஏற்கனவே ஒரு முறை விசாரித்து எழுதிக்கொண்டீர்கள். அன்று நான் சொன்னது போதாது. அதனால் நீங்கள் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அவசரம் இல்லை என்றால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பவளம் என்றதும் உங்களுக்கு மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல் நினைவுக்கு வரும். நான் சொல்வது உயிரோடு இருப்பது. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் பூப்போல விரியும், கை நிழல் விழுந்தால் சுருங்கும். அதைக் கடலில் வெட்டி எடுத்து வருவது குற்றம். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் வழி வேறு. தொட்டியில் வளர்ந்ததிலிருந்து ஒரு துண்டை நறுக்கி, காசளவு கல்லில் பசை வைத்து ஒட்டி வளரவிடுவோம். வளர்ந்ததும் அதையே நறுக்கி இன்னொருவருக்குக் கொடுப்போம். இப்படியே போனால் ஒருநாள் கடலில் கைவைக்கிற தேவையே யாருக்கும் இருக்காது. இதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கையில்தான் தண்டலத்தில் சந்தையை ஆரம்பித்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்து மண்டபத்துக்காரர் கொடுப்பார். பந்தி போடுகிற நீள மேசைகளில் கண்ணாடிப் பெட்டிகளும் நீல விளக்குகளும் வைப்போம். கம்பெனி இன்ஜினியர்கள், காலேஜ் வாத்தியார்கள், பூந்தமல்லியிலிருந்து ஒரு பல் டாக்டர், கம்பெனி லைனில் வேலைக்கு நிற்கிற பையன்கள் என்று எல்லாரும் வருவார்கள். வாசலில் ஒரே ஒரு விதியைத்தான் ஒட்டியிருந்தேன்: தொட்டியில் வளர்ந்தது மட்டும்.

முதல் சந்தைக்கு மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். வந்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதியிருந்தார்கள். எவ்வளவு பெரிய காரியம் தொடங்கியிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள் என நினைத்தேன். வண்டி நிறுத்த இடமில்லை என்று ஒருவர். மின்விசிறிக் காற்றில் தண்ணீர் அலைகிறது, நிறம் தெரியவில்லை என்று ஒருவர். நகத்தளவு துண்டுக்கு இந்த விலையா என்று பலர். கடலில் எடுத்தது இதைவிடப் பெரிதாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று, பெயர் தெரியாத நம்பரிலிருந்து ஒருவர். முனிரத்தினம் எழுதியதை மட்டும் அப்படியே சொல்கிறேன். "தணிகாசலம் சார் டேபிள்ல பீஸெல்லாம் ஐசியூல கீற மாதிரி கீது பா."

முனிரத்தினம் ஸ்ரீபெரும்புதூரில் ஏசி மெக்கானிக் கடை வைத்திருக்கிறவன். உப்பை எந்தக் கணக்கில் கரைக்க வேண்டும் என்பதையே அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் எழுதிய வரிக்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. பஸ் வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போய்ச் சேரும் வரை அந்த வரிசை வளர்ந்துகொண்டே இருந்தது.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. என் தொட்டியில் பவளம் வளராது. ஆறடித் தொட்டி, வெளிநாட்டு விளக்கு, வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிரவைக்க ஒரு இயந்திரம், மின்சாரம் போனால் தானே ஓட ஆரம்பிக்கிற ஜெனரேட்டர், எல்லாம் வைத்திருந்தேன். காலையும் மாலையும் தண்ணீரைச் சோதிப்பேன். எல்லா அளவும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். பவளமும் வாங்கிவந்த அளவிலேயே இருக்கும். சாகாது, வளராது. என் மனைவி மரகதம் ஒருமுறை சொன்னாள், "நீங்க அத்த நோண்டாம வுட்டாலே வளரும்." படிக்காதவள், அவளிடம் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் அன்று நான் சாப்பிடவில்லை.

சுகப்பிரியா சந்தைக்கு வந்தது ஒரு மழை நாளில். அவளும் பேச்சிராஜும் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வேலைக்கு வந்தவர்கள். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி, அவனுக்கு எங்கள் கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப், காண்ட்ராக்ட். வல்லக்கோட்டையில் கோயிலுக்குப் போகிற வழியில் தாயாரம்மாள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீடுகளில் ஒன்று. ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. அன்று மழைக்கு ஒதுங்கியவர்கள், நீல வெளிச்சத்தைப் பார்த்துக் கல்யாண வரவேற்பு என்று நினைத்து உள்ளே வந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி இது, இப்படி மினுங்குது?" என்று என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

பேச்சிராஜ் என்னை அடையாளம் கண்டு கும்பிட்டான். "நம்ம சூப்பர்வைசர் சாருல்லா! எங்க ரெண்டு பேருக்கும் ஊரு கடக்கரைதான் சார். கடலுக்குள்ள இப்படி இருக்கும்னு இங்க வந்துதான் பாக்கேன்."

அன்று என் மேசையில் ஒரு பொத்தான் பவளத் துண்டு விற்காமல் நின்றது. அந்த வகை சட்டைப் பொத்தான் அளவில் கூட்டமாக வளரும், பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிரும். என்னுடையது சுருங்கி வெளுத்திருந்தது. தூக்கிப்போட வேண்டியது. அதை அவளிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் என்னுடைய பழைய சின்னத் தொட்டியையும் உப்பையும் வண்டியில் கொண்டுபோய், அவர்கள் அறையில் நானே வைத்துக் கொடுத்தேன். நான் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு சில மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு கிருத்திகையன்று கோயில் கூட்டத்தில் வண்டி நகராமல் அவர்கள் வாசலிலேயே மாட்டிக்கொண்டேன். சுகப்பிரியா பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள். போனேன். தொட்டியில் கல்லே தெரியவில்லை ஐயா. நான் கொடுத்த அந்தத் துண்டு கல்லை மூடி, அடுத்த கல்லுக்குத் தாவி, கண்ணாடியின் மேலும் ஏறியிருந்தது.

"இன்னாம்மா பண்ண?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் செய்ய அண்ணாச்சி. ஷிப்டுக்குப் போறப்ப லைட்டப் போட்டுட்டுப் போவேன், வந்து அமத்துவேன். அதுபாட்டுக்கு வளருது."

"தண்ணிய டெஸ்ட் பண்றியா?"

"இல்லயே. பண்ணணுமா?"

அவள் காபி போடப் போனபோது ஒரு சின்னப் பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். வீட்டில் வந்து சோதித்தேன். எல்லா அளவும் தப்பு. ஒன்றுகூடத் தேறவில்லை. தரப்பிரிவில் இத்தனை வருஷம் இருக்கிறவன் நான். அளவு தப்பாக இருந்தால் பொருள் தப்பாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத ஒன்றை அன்றுதான் முதலில் பார்த்தேன். மறுபடி சோதித்தேன். மறுபடியும் அதேதான்.

அடுத்த சந்தையில் அவளுக்கும் ஒரு மேசை கொடுத்தேன். நான் மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. வந்த கூட்டம் முழுவதும் அந்த மேசையைச் சுற்றி நின்றது. அவள் ஒவ்வொருவரிடமும், "இது அண்ணாச்சி குடுத்ததுதான்" என்று என்னைக் காட்டினாள். உண்மையைத்தான் சொன்னாள். முனிரத்தினம் கேட்டுவிட்டு, "சார்கிட்டயே இருந்தா இந்நேரம் பால் ஊத்தி இருப்போம்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் பஸ்ஸில் அபிப்பிராயங்களைப் படித்தேன். தொட்டியில் வளர்த்தால் இப்படியும் வரும் என்று இப்போதுதான் நம்பிக்கை வந்தது என்று பல் டாக்டர் எழுதியிருந்தார். அந்த நம்பிக்கையை உண்டாக்கத்தான் நான் சந்தையையே ஆரம்பித்தேன். அதில் என் பெயர் இல்லை.

சந்தையை நடத்துகிறவன் மேசை சோகை பிடித்துக் கிடந்தால் சந்தைக்குத்தான் கெட்ட பெயர். ஆகவே ஏசுவடியான் என்று ஒருவரைப் பிடித்தேன். அவரும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிளாஸ்டிக் கேன்களில் பவளம் கொண்டுவருவார். எங்கிருந்து எடுத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. கடலிலிருந்துதான். அவற்றை என் தொட்டியில் சில மாதம் வைத்திருந்து பிறகுதான் மேசையில் வைத்தேன். தொட்டியில் இருந்த காலத்துக்கு அது தொட்டியில் வளர்ந்ததுதானே. வாசலில் ஒட்டிய விதியை நான் மீறவில்லை. "சார் ஃபார்முக்கு வந்துட்டாரு" என்று முனிரத்தினம் குழுவில் எழுதினான். அந்த வரியை அன்று பலமுறை படித்தேன்.

ஏசுவடியான் ஒருநாள் ஊருக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, ஊர்க்காரப் பையன் என்று பேச்சிராஜின் அறையில் போய்த் தங்கியிருக்கிறார். தங்கிய இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த வாரம் கேண்டீனில் பேச்சிராஜ் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கம்பெனிக்குள் அவன் என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். அன்று குரலைத் தாழ்த்தி அண்ணாச்சி என்றான்.

"அண்ணாச்சி, ஏசுவடியான் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நாங்க யார்ட்டயும் மூச்சு விட மாட்டோம். நீங்க பயப்படாதீங்க."

சொல்லிவிட்டுத் தன் தட்டில் இருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தான்.

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான் ஐயா. அதுதான் சங்கடம். மிரட்டியிருந்தால் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. எனக்குக் கீழே காண்ட்ராக்டில் இருக்கிற ஒருவன் என்னைப் பார்த்துப் பயப்படாதே என்கிறான். அந்த வடையை நான் தின்றேன். தின்னாமல் வைத்தால் தப்பாக நினைப்பான்.

அடுத்த சந்தையில் சுகப்பிரியாவும் அவள் பங்குக்குச் செய்தாள். அவள் மேசைக்கு வருகிறவர்களிடம், "அண்ணாச்சி மேசையிலயும் பாத்துட்டுப் போங்க, நல்லதா இருக்கு" என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் அனுப்பித்தான் என்னிடம் ஆள் வந்தது. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே அனுப்பினாள். விற்றபோதெல்லாம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. தேர்வில் தேறாத பிள்ளைக்கு வாத்தியார் கருணையாக மதிப்பெண் போட்டுவிட்டுச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. நான் நன்றி சொன்னேன்.

இதைப் பொறாமை என்று எழுத வேண்டாம். பொறாமைப்படுகிறவன் மேசை கொடுக்கமாட்டான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஒரு வேலை நாள், காலை டீ இடைவேளை. சுகப்பிரியா போன் செய்தாள். அவளுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட், வீட்டில் இருந்தாள். அவள் தொட்டியில் ஒரு கல்லில் ஒளிராத பழுப்புப் பொத்தான்கள் பெருகிவிட்டன. களை மாதிரி. நல்லவற்றின் மேல் ஏறுகின்றன. சுரண்டினால் மறுபடி முளைக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள், என்னிடம் கேட்காமல் செய்ய மனமில்லை.

"அந்தக் கல்ல அப்படியே சுடுதண்ணில போட்டு வேக வச்சிரட்டுமா அண்ணாச்சி? அதோட செத்துப் போயிரும்லா?"

நான் சரி என்றேன். போன முறை உங்களிடம் சொன்னது இவ்வளவுதான்.

பிறகு நடந்தது உங்கள் விசாரணையில் இருக்கிறது. அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, தெருவில் தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டுக் குடத்தோடு போனாள். வரிசை பெரிது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறை முழுவதும் ஆவி. பேச்சிராஜ் பாயில் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். அவளுக்கும் நெஞ்சு அடைத்தது. தாயாரம்மாள்தான் ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் ஏற்றினாள். சுகப்பிரியா பிழைத்துக்கொண்டாள். பேச்சிராஜ் அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனான். கம்பெனியில் மாலை வாங்க எல்லாரிடமும் பிரித்தார்கள், நானும் கொடுத்தேன்.

பெயிண்ட் வாடையை மூச்சில் இழுத்திருப்பார்கள் என்றுதான் டாக்டர்கள் முதலில் நினைத்தார்கள். வீட்டில் என்ன கொதித்தது என்று கேட்டதும் சுகப்பிரியா மறைக்காமல் சொல்லிவிட்டாள், அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் வைத்தேன் என்று. நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். அது விஷம் என்று எனக்குத் தெரியாது என்றேன். "உங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரியும்" என்று நீங்களே சொல்லி, எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டீர்கள். வெளியே வந்து வண்டியை எடுத்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி நிலைத்திருந்தால் இன்று உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்கமாட்டேன்.

அவள் அறையைக் காலி செய்கிற அன்று போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது. குரல் உடைந்துபோயிருந்தது, இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள்.

"நீங்க வெசனப்படாதீங்க அண்ணாச்சி," என்றாள். "உங்களுக்கும் தெரியாமத்தான போச்சு. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இந்தத் தொட்டிய நீங்களே வச்சிக்கிடுங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியாதுல்லா."

வாசலில் நின்ற தாயாரம்மாள் விடவில்லை. "இன்னாபா, உனுக்குமா தெரியல? தொட்டி விசயத்துல நீதான் பெரிய ஆளுன்னு இது வாய்க்கு வாய் சொல்லினு இருந்துச்சே. கடசில ஒண்ணியும் தெரியாதவன்கிட்டயா போய் கேட்டுச்சு?"

 தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பவளங்கள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. தண்ணீரின் அளவுகளை எல்லாம் சரிசெய்துவிட்டேன். வந்ததிலிருந்து சுருங்கித்தான் இருக்கின்றன.

சந்தை நின்றுபோயிற்று. பவளம் ஆளைக் கொன்றுவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. சிலர் தொட்டியையே தெருவில் கவிழ்த்தார்கள். மண்டபத்துக்காரர் போனை எடுப்பதில்லை. பிறகு முனிரத்தினம்தான் அலைந்து அவரைச் சமாதானம் செய்தான். இனி ஒவ்வொரு சந்தையும் பாதுகாப்பு வகுப்போடுதான் ஆரம்பிக்கும் என்று சொல்லி மறுபடி இடம் வாங்கினான். நேற்று அந்தச் சந்தை நடந்தது. நானும் போயிருந்தேன். ஆரம்பித்தவன் போகாமல் இருக்க முடியாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

முனிரத்தினம் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசினான். பொத்தான் பவளத்தில் சில வகைகளில் விஷம் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. வெறுங்கையில் தொடாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் சூடுபடுத்தாதீர்கள். எல்லாம் போன வாரம் எங்கேயோ படித்துவிட்டு வந்தது. இரண்டு இடத்தில் தப்பாகவும் சொன்னான். பிறகு என்னைக் கைகாட்டினான்.

"நம்ம தணிகாசலம் சாரையே எடுத்துக்கங்க. எத்தினி வருசமா தொட்டி வச்சிகினு கீறாரு. அவருக்கே இது தெரியல. தெரியாத்தனமா சொல்லப் போயி ஒரு உசுரு போயிடுச்சி. அவர நான் குத்தம் சொல்லல. தெரியலன்னா இன்னா பண்ணுவாரு மனுசன்?"

கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பரிதாபமாகப் பார்த்தார்கள். பல் டாக்டர் என் தோளைத் தட்டி, "விடுங்க சார், நாங்களும் இப்பதான் தெரிஞ்சிக்கிட்டோம்" என்றார். சாயங்காலம் குழுவில் அபிப்பிராயங்கள் வந்தன. பயனுள்ள சந்தை. முனிரத்தினம் அருமையாக விளக்கினார். தணிகாசலம் சாருக்கு மனசு ஆறட்டும், அறியாமல் செய்தது தவறாகாது. இதற்குக் கீழே கும்பிடுகிற கைகள் வரிசை கட்டி நின்றன.

அறியாமல்.

ஐயா, நான் தொட்டி வைத்த முதல் வருஷத்திலேயே அதைப் படித்துவிட்டேன். வெளிநாட்டில் இப்படிக் கல்லைக் கொதிக்கவைத்து, குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். நான் ஒருநாளும் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விட்டதில்லை. மரகதத்தைக் கேளுங்கள். சந்தையில் நான் கையுறை மாட்டும்போதெல்லாம், "சார் ஆபரேசனுக்கு ரெடி" என்று இதே முனிரத்தினம் கேலி செய்வான். ஏன் மாட்டுகிறேன் என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. விஷம் என்ற சொல் காதில் விழுந்தால் வருகிற கொஞ்சம் கூட்டமும் வராது. சந்தைக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன். அந்தக் கூடத்தில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று போனில் பேசியதை முழுமையாகச் சொல்கிறேன். அவள் கேட்டதும் போனைக் காதில் வைத்தபடியே எழுந்தேன். கேண்டீன் இரைச்சலிலிருந்து விலகி, வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்கு வந்தேன். தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக.

"பேச்சி எங்கம்மா?" என்றேன்.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குதாவ அண்ணாச்சி. எழுப்பவா?"

"வேணாம், தூங்கட்டும். நீ நல்லா கொதிக்க வை. ஜன்னல், கதவு ரெண்டயும் சாத்திக்கோ. உப்பு வாடை வெளிய வந்தா தாயாரம்மா கத்தும்."

"ஆமா அண்ணாச்சி, அந்தம்மா ஒரு மாதிரிதான். நல்லவேள உங்கள்ட்ட கேட்டேன்," என்றாள்.

ஜன்னலைப் பற்றி அவள் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். வீட்டுக்காரம்மாவின் வசவிலிருந்து காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்றுதான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் குடத்தோடு வெளியே போவாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. மற்றது எல்லாம் தெரியும். ஆவியில் என்ன ஏறும், மூடிய அறையில் அது எங்கே போகும், தூங்குகிறவன் மூச்சு எப்படி இழுப்பான் என்று எல்லாம் தெரியும். போனை வைத்துவிட்டு உள்ளே போய் வேலையைப் பார்த்தேன். அன்று மதியத்துக்குள் ஒரு லாட் உதிரிபாகம் முழுவதையும் திருப்பி அனுப்பினேன். மற்றவர்கள் கண்ணில் படாத பிழை ஒன்று அதில் இருந்தது.

எந்தப் பிரிவில் போடுவீர்கள் என்பது உங்கள் வேலை. நான் தகராறு செய்யப்போவதில்லை. வக்கீலும் வேண்டாம். இது பேப்பரில் வரும், குழுவில் இருக்கிற எல்லாரும் படிப்பார்கள். அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள், வேறு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். தெரியாமல் சொல்லிவிட்டான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா.